நோயினின்று மீண்டோரும் நெடிய ஓட்டமும்: ஓர் ஊழியச் சிந்தனை

முன்னுரை

பேரணாம்பட்டிலிருந்து குடியாத்தம் வழியாக வேலூருக்குச் செல்லும் காலைப் பேருந்துகளில், மடியில் எக்ஸ்ரே உறையையும் மருத்துவமனைச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்போரை நாம் அடிக்கடி காண்கிறோம். அவர்களுள் பலர் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைப்பவர்கள். அல்லது அத்தகையோரின் பெற்றோர், மனைவி, மக்கள். அவர்கள் புறப்படும்போது சபை அவர்களுக்காக ஜெபிக்கிறது. நலம்பெற்றுத் திரும்பும்போது ஸ்தோத்திர ஜெபக் கூட்டம் நடத்துகிறது. மீண்டு வந்தவர் எழுந்து நின்று சாட்சி கூறுகிறார். அத்துடன் சபையின் கடமை முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

ஆனால், மீண்டு வந்தவருக்கு அன்றுதான் வேறொரு போராட்டம் தொடங்குகிறது. நோயுற்றிருந்த காலத்தில் அவருக்கு ஒரே ஒரு நோக்கம் இருந்தது; பிழைக்க வேண்டும் என்பதே அது. அது நிறைவேறியபின் அவ்விடம் வெறுமையாகிறது. உடல் முன்போல் இசைவதில்லை. பழைய வேலைக்குத் திரும்ப முடிவதில்லை. நோய் மீண்டும் வருமோ என்ற அச்சம் இரவில் உறக்கத்தைக் கெடுக்கிறது. “நான் ஏன் பிழைத்தேன்? அடுத்த கட்டிலில் கிடந்தவர் ஏன் மரித்தார்?” என்ற கேள்வியை அவர் போதகரிடத்தில்கூடக் கேட்கத் தயங்குகிறார். ஏனெனில் அக்கேள்விக்குச் சாட்சிக் கூட்டத்தில் இடமில்லை.

கடந்த சில பத்தாண்டுகளாக, கொடிய நோயினின்று பிழைத்தவர்கள் பலர் இந்தக் கேள்விக்கு விடை தேடி நெடுந்தொலைவு ஓட்டம், நீச்சல், மிதிவண்டிப் பயணம் முதலிய பொறுமை வேண்டும் விளையாட்டுகளை மேற்கொள்வது உலகெங்கும் காணப்படுகிறது. இதனை மேல்நாட்டுச் செல்வரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. விசுவாச வீரத்தின் உதாரணம் என்று பிரசங்கத்தில் புகழ்ந்துவிடுவதும் எளிது. இவ்விரண்டையும் தவிர்த்து, இம்முயற்சி மெய்யாகவே எதைத் தருகிறது, எதைத் தரமாட்டாது, வேதாகமம் இதன்மேல் எத்தகைய ஒளியைப் பாய்ச்சுகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஓய்விலிருந்து உழைப்பிற்கு

நோயாளிக்கு ஓய்வே மருந்து என்பது நம் நாட்டிலும் மேல்நாட்டிலும் நெடுங்காலம் நிலவிய எண்ணம். மாரடைப்பு நேர்ந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பதே ஒரு காலத்தில் மருத்துவ முறையாயிருந்தது. 1952-ஆம் ஆண்டில் லெவின், லவுன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள், அத்தகையோரைச் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைப்பது நன்மை பயக்கும் என்று எடுத்துரைத்தபோது அது துணிகரமான கருத்தாகத் தோன்றியது. 1973-ஆம் ஆண்டில் கனடாவின் டொரன்டோ நகர மருத்துவர் டெரன்ஸ் கவனா என்பவர், மாரடைப்புற்றுத் தேறிய தம் நோயாளிகளுள் சிலரைப் பல மாதங்கள் பயிற்றுவித்து, பாஸ்டன் நகர மராத்தான் ஓட்டத்தில் பங்குபெறச் செய்தார். நாற்காலியிலிருந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தூரத்திற்கு மருத்துவம் இருபது ஆண்டுகளில் நடந்து வந்தது எனலாம்.

புற்றுநோயைக் குறித்தும் இத்தகைய மாற்றம் ஏற்பட்டுள்ளது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்னும் அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மிதமான உடற்பயிற்சியை வாரம் மும்முறை அரைமணி நேரம் செய்துவந்தால், சிகிச்சைக்குப் பின் வரும் சோர்வும் மனக்கலக்கமும் மனச்சோர்வும் குறைகின்றன என்று கூறுகிறது. 2025-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் குறிப்பிடத்தக்கது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் பெற்ற 889 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு மூன்றாண்டுகள் முறையான உடற்பயிற்சி அளிக்கப்பட்டது. மற்றவர்களுக்கு உடல்நலக் குறிப்புகள் அடங்கிய நூல்கள் மட்டும் தரப்பட்டன. ஐந்தாண்டுகள் கழிந்தபோது நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள், பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு எண்பது பேர். மற்றவர்களில் எழுபத்துநான்கு பேர்.

இவ்வாய்வில் போதகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பயிற்சி பெற்றவர்களிடம் ஓடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாளர் இருந்தார். அவர் குறித்த நாள்களில் சந்தித்து, தளர்ந்தபோது ஊக்குவித்து, மூன்று ஆண்டுகள் உடன் நின்றார். நூலைக் கொடுத்தனுப்புவதற்கும் உடன் நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊழியமும் அறிந்துகொள்ள வேண்டும்.

2. முடிவுறாத ஓட்டம்

நோயினின்று மீண்டு ஓடியவர்களைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைவுக்கு வருபவர் கனடா நாட்டு இளைஞர் டெரி ஃபாக்ஸ். 1977-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தமது பதினெட்டாவது வயதில், எலும்புப் புற்றுநோயின் காரணமாக அவர் வலக்காலை முழங்காலுக்கு மேலே இழந்தார். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின இரவில், அவருடைய பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒரு பத்திரிகைக் கட்டுரையை அவரிடம் கொடுத்தார். செயற்கைக் காலுடன் நியூயார்க் மராத்தானை ஓடிமுடித்த ஒருவரைப் பற்றியது அக்கட்டுரை. பின்னர்ப் பதினாறு மாதங்கள் மருந்துச் சிகிச்சை. அக்காலத்தில் தம்மைவிட இளையோர் புற்றுநோய்ப் பிரிவில் படும் வேதனையையும் அவர்களுள் சிலர் மரிப்பதையும் கண்டார். தாம் பிழைத்துச் செல்வது அவருக்கு மகிழ்ச்சியை மட்டும் அளிக்கவில்லை. ஒரு பொறுப்பையும் அளித்தது.

1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், கனடாவின் கிழக்குக் கடற்கரையிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகரில் அட்லாண்டிக் கடலில் தமது செயற்கைக் காலை நனைத்து ஓட்டத்தைத் தொடங்கினார். மேற்கே பசிபிக் கடல்வரை ஓடி, தம் நாட்டினர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு டாலர் வீதம் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகத் திரட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மராத்தான் தூரம் ஓடினார். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின், செப்டம்பர் 1-ஆம் நாள் தண்டர் பே என்னும் ஊரின் அருகே நின்றுவிட்டார். புற்றுநோய் நுரையீரல்களுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28-இல், இருபத்திரண்டு வயதில் அவர் மரித்தார். அதற்கு முன்பே, அந்த ஆண்டு பிப்ரவரியில், திரட்டப்பட்ட தொகை 240 இலட்சம் டாலரைக் கடந்து, ஆளுக்கு ஒரு டாலர் என்ற இலக்கு நிறைவேறியிருந்தது. அவர் பெயரால் நடைபெறும் ஓட்டம் உலகின் பல நாடுகளுக்கும் பரவி, சென்னையிலும் நடந்து வந்துள்ளது.

இவ்வரலாற்றைக் கூறும்போது நாம் இரண்டு காரியங்களை மறைக்கலாகாது. முதலாவது, ஓட்டக் காலத்தில் அவர் முறையான மருத்துவப் பரிசோதனைகளைத் தவிர்த்தார். இது எவரும் பின்பற்றத்தக்கதன்று. இரண்டாவது, அவர் தமது ஓட்டத்தை முடிக்கவில்லை. பசிபிக் கடலை அவர் கால்கள் எட்டவில்லை. நமது சாட்சிக் கூட்டத்தின் அளவுகோலால் அளந்தால் இது சாட்சியே ஆகாது; சுகம் நிலைக்கவில்லை, இலக்கு எட்டப்படவில்லை. ஆயினும் அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் ஓடினர். ஒருவருடைய வாழ்வின் நோக்கம் அவருடைய சுகத்தைவிட நீண்டிருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

3. சென்னை நீச்சல் குளத்தில்

நமக்கு அண்மையிலும் இத்தகைய வரலாறு உண்டு. மாதவி லதா என்பவர் இன்றைய தெலங்கானாப் பகுதியில் பிறந்து, கைக்குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டவர். படித்து, வங்கித் துறையில் பணியேற்று, சென்னையில் வாழ்ந்துவந்தார். நாற்பது வயதை நெருங்கிய காலத்தில், முதுகெலும்பின் கோணல் நுரையீரலை நெருக்கியது. நெடுநாள் வாழ இயலாது என்னும் நிலை ஏற்பட்டது. அப்போது அவர் நீர்ச் சிகிச்சையை மேற்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். தரையில் தாங்க மறுத்த உடலைத் தண்ணீர் தாங்கிற்று. மூச்சுக்காகத் தொடங்கிய பயிற்சி நீச்சலாயிற்று, நீச்சல் போட்டியாயிற்று, உடல் ஊனமுற்றோருக்கான தேசிய நீச்சல் போட்டிகளில் வெற்றியும் பெற்றார்.

பதக்கங்களோடு அவர் நின்றிருந்தால் இக்கட்டுரையில் அவரைக் குறிப்பிட வேண்டியதில்லை. தமக்குக் கிடைத்த விடுதலை பிறருக்கும் கிடைக்க வேண்டுமென்று, ஊனமுற்ற இளைஞரையும் பெண்களையும் நீச்சலுக்கு அழைத்து வந்தார். தமிழ்நாட்டில் அவர்களுக்கான நீச்சல் அமைப்பு உருவாக உழைத்தார். இந்தியாவில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து விளையாட்டுக்கான கூட்டமைப்பை நிறுவியவர்களுள் ஒருவராகி அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். வீட்டை விட்டு வெளியே வராதிருந்தவர்கள் அணியாகச் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று விளையாடும் நிலை உண்டாயிற்று. விளையாட்டு இங்கே தனியொருவரின் சாதனையாக நில்லாமல், பலருக்கு வழி திறக்கும் பணியாக மாறியது. டெரி ஃபாக்ஸின் வரலாற்றிலும் இவருடைய வரலாற்றிலும் வாழ்வின் நோக்கம் தூரத்தை அளப்பதில் பிறக்கவில்லை. தம்மைப் போன்ற பிறரைக் கண்டதில் பிறந்தது.

4. ஓர் எச்சரிக்கை

இதற்கு மாறான வரலாறும் உண்டு. அமெரிக்க மிதிவண்டி வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-இல் புற்றுநோய் கண்டது. அது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அதினின்று மீண்டு, 1999 முதல் 2005 வரை பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற நெடும்போட்டியில் ஏழுமுறை தொடர்ந்து வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டார். உலகெங்கும் புற்றுநோயாளிகள் அவரைத் தங்கள் நம்பிக்கையின் அடையாளமாகக் கொண்டனர். அவர் நிறுவிய அறக்கட்டளை நோயாளிகள் பலருக்கு உதவியது உண்மை. ஆனால், தடைசெய்யப்பட்ட மருந்துகளைப் பயன்படுத்தினார் என்று தெளிவானதால், 2012-இல் அந்த ஏழு வெற்றிகளும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் அவரே தொலைக்காட்சியில் அதனை ஒப்புக்கொண்டார்.

இதனை நாம் குறிப்பிடுவது ஒருவரைப் பழிப்பதற்கன்று. பிழைத்ததற்கு விலையாக வெற்றி பெற்றே தீர வேண்டும் என்ற எண்ணம் மனிதனை எங்கே கொண்டுபோய்விடும் என்பதைக் காட்டவே குறிப்பிடுகிறோம். உயிர் பிழைத்தவர், தம் பிழைப்பு வீண்போகவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டிய கடனாளியாகிறார். அக்கடனைச் சிலர் விளையாட்டிலும், சிலர் ஊழியத்திலும் அடைக்க முயல்கின்றனர். சுகம் பெற்றபின் ஓய்வின்றிச் சபைப் பணிகளில் தம்மை அழித்துக்கொள்வோரை நாம் அறிவோம். கிருபையைக் கடனாகக் கருதுவது, ஓடுகளத்திலாயினும் ஆலயத்திலாயினும், கிரியைகளினால் நீதிமானாக முயல்வதேயாகும்.

5. வேலூர் கற்பித்த பாடம்

மேற்கூறிய காரியங்களை நம் பகுதியிலேயே வாழ்ந்து காட்டிய ஒருவர் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவராயிருந்த மேரி வர்கீஸ், 1954-ஆம் ஆண்டு ஜனவரியில் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்பிற்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்தார். நோயன்று, விபத்து, எனினும் அவர் எதிர்கொண்ட கேள்வி அதுவே. மருத்துவர் பால் பிராண்டின் ஊக்கத்தினால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழும்பிற்று. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986-இல் மறைந்தார். அவர் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. ஆனால், நாள்தோறும் படுக்கையினின்று நாற்காலிக்கும் நாற்காலியினின்று அறுவைக் கூடத்திற்கும் அவர் சென்றது, எந்த மராத்தானுக்கும் குறையாத நெடிய ஓட்டமாகும்.

பால் பிராண்டும் அவருடன் வேலூரிலும் கரிகிரியிலும் உழைத்தோரும் கண்டறிந்த உண்மை ஒன்று நம் ஆராய்ச்சிக்கு இன்னும் தேவையானது. தொழுநோயாளியின் பாதம் அழிவதற்கு நோய்க்கிருமி மட்டும் காரணமன்று. வலி உணர்வு அற்றுப்போனதே பெருங்காரணம். கல் குத்தினாலும், செருப்பு உரசினாலும் தெரியாமல் அவர் நடந்துகொண்டேயிருக்கிறார். காலில் புண் உண்டாகிறது. ஆகையால் அத்தகையோருக்கு அவர்கள் கற்பித்தது நீண்ட நடையன்று. சிறு அடிகளாக வைத்து நடத்தல், இடையிடையே நிற்றல், ஒவ்வொரு மாலையும் பாதங்களைத் திருப்பிப் பார்த்தல், மென்மையான நுண்துளை ரப்பர் அடித்தளம் கொண்ட செருப்பை அணிதல் ஆகியவையே அவர்களுக்குரிய ஒழுங்கு. ஒருவருக்கு ஓடுவது பொறுமையானால், மற்றொருவருக்கு ஓடாதிருப்பதே பொறுமை. வலியைப் பொருட்படுத்தாமல் முன்செல்வதை வீரம் என்று புகழும் பிரசங்கம், வலியை உணராத காலுக்கு நஞ்சாகும்.

உலகெங்கும் நடக்கும் கால்களுக்குக் காலணி செய்து அனுப்பும் இந்தத் தோல் தொழிற் பகுதியில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளையாட்டுக்கு ஓய்வுநேரமும் நல்ல உணவும் வேண்டும். ஈரத் தோல்களைச் சுமந்து, சுண்ணாம்புக் குழிகளின் அருகே நாள் முழுவதும் நின்று உழைக்கும் ஒருவரிடம் போய், நோய் தேறியபின் நெடுந்தூரம் ஓடுக என்பது பொருந்தாது. அவர் உடல் அறியாத பொறுமை இல்லை. அவர் இழந்தது அந்த உழைக்கும் வலிமையையும், அதனால் வீட்டில் தமக்கிருந்த இடத்தையுமே. அவருக்கு நெடிய ஓட்டமென்பது மீண்டும் தெருமுனை வரை நடப்பதாயிருக்கலாம். தோல் பதனிடும் சீமோன் என்பவருடைய வீட்டில் பேதுரு பல நாள் தங்கியிருந்ததை அப்போஸ்தலருடைய நடபடிகள் கூறுகின்றது (9:43). தீண்டத்தகாததென்று யூதர் ஒதுக்கிய தொழிலைச் செய்தவன் வீட்டில் தங்கியிருந்தபோதே, புறஜாதியாருக்குக் கதவு திறக்கும் தரிசனம் பேதுருவுக்குக் கிடைத்தது. நம் இறையியலும் அத்தகைய வீட்டில் சிறிதுகாலம் தங்கிப் பிறகே பேசுவது நலம்.

6. வேதாகமம் காட்டும் ஓட்டம்

பவுல் ஓட்டப்பந்தயத்தை உவமையாகக் கொண்டது கொரிந்து பட்டணத்தாருக்கு எளிதில் விளங்கியிருக்கும். அப்பட்டணத்தின் அருகே ஈராண்டுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடைபெற்றன. வெற்றி பெற்றவருக்கு இலைகளால் ஆன கிரீடம் சூட்டப்பட்டது. வாடிப்போகும் கிரீடத்திற்கும் வாடாத கிரீடத்திற்கும் உள்ள வேறுபாட்டை 1 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரத்தில் அவர் சுட்டுகிறார். ஆனால், பிலிப்பியர் 3-ஆம் அதிகாரத்தை எழுதும்போது அவர் சிறையிலிருக்கிறார். கட்டுண்டிருக்கும் ஒருவர் ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறார்! ஆகவே ஓட்டத்தின் உவமை நலமான கால்களை உடையவர்களுக்கு மட்டும் உரியதன்று. மேலும், அங்கே (3:12) பவுல் தாம் இன்னும் அடைந்து முடிக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். தாம் ஓடுவதற்குக் காரணம், கிறிஸ்து தம்மை முன்னமே பிடித்துக்கொண்டதே என்கிறார். வாழ்வின் நோக்கம் நாம் ஓடிப் பிடிக்கும் பொருளன்று. நம்மைப் பிடித்திருப்பவரால் அளிக்கப்படுவது. இவ்வொரு வசனத்தைப் புரிந்துகொண்டால், பிழைத்தவர் கடனாளி என்னும் தவறான எண்ணம் நீங்கும்.

எபிரெயர் 12:1-இல் நம் தமிழ் வேதாகமம் பொறுமை என்று மொழிபெயர்த்துள்ள கிரேக்கச் சொல் ‘ஹுப்பொமொனே’ என்பது. சுமையின் கீழ் நிலைத்திருத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். வாய்மூடிச் சகித்துக்கொள்வதை மட்டும் அது குறிக்கவில்லை. தளராது நிலைநின்று முன்செல்லும் மனவுறுதியையும் குறிக்கிறது. இவ்வசனம் எதன்பின் வருகிறது என்பதையும் நோக்க வேண்டும். 11-ஆம் அதிகாரத்தின் இறுதியில், விசுவாசத்தினால் சிங்கங்களின் வாயை அடைத்தவர்களும் கூறப்படுகின்றனர். அதே விசுவாசத்தினால் வாளால் அறுப்புண்டவர்களும் கூறப்படுகின்றனர். பிழைத்தோர் மரித்தோர் ஆகிய இருசாராரும் ஒரே மேகம்போன்ற சாட்சிகளின் கூட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். வேதாகமத்தின் சாட்சிக் கூட்டம் நம்முடைய சாட்சிக் கூட்டத்தைவிட விரிந்தது. அடுத்த கட்டிலில் மரித்தவருக்கும் அங்கே இடமுண்டு.

இன்னும் சற்று வாசித்தால், பெரும்பாலும் நாம் பிரசங்கிக்காமல் விட்டுவிடும் 12, 13-ஆம் வசனங்கள் வருகின்றன. தளர்ந்த கைகளையும் தள்ளாடும் முழங்கால்களையும் நிமிர்த்தவும், முடமானது பிசகிப்போகாமல் சொஸ்தமாகும்படி பாதைகளைச் செவ்வைப்படுத்தவும் ஆசிரியர் கட்டளையிடுகிறார். ஓட்டத்தைப் பற்றிய இப்பகுதி முடமானவரைப் பற்றிய அக்கறையில் வந்து சேர்கிறது. அப்படியானால் இது ஒருவரையொருவர் முந்தும் பந்தயமன்று. முடவரும் உடன் செல்லும் ஒரு கூட்டத்தின் பயணம் இது. வேகமாக ஓட வல்லவர் செய்ய வேண்டியது முன்னே சென்று மறைவதன்று. பின்னே வருபவருக்காகப் பாதையைச் சமப்படுத்துவதே. நோயினின்று மீண்டவருக்கு வேதாகமம் காட்டும் நோக்கம் இதுவென்றே நாம் கருதுகிறோம். டெரி ஃபாக்ஸ் திரட்டிய நிதி, மாதவி லதா கூட்டிய அணிகள், மேரி வர்கீஸ் உழைத்த மறுவாழ்வுத் துறை ஆகிய மூன்றும் பாதையைச் செவ்வைப்படுத்திய செயல்கள்; அவற்றின் பெருமை ஓடிய தூரத்தில் இல்லை.

7. ஊழியருக்குச் சில ஆலோசனைகள்

அ. பதில் கூற விரையாதிருத்தல். தேவன் ஒரு நோக்கத்திற்காக உம்மைப் பிழைக்கச் செய்தார் என்னும் வாக்கியம் கேட்பவரை ஆற்றுவதுபோல் தோன்றினாலும், மரித்தவர்கள் நோக்கமின்றி மரித்தனர் என்ற பொருளையும் அது தன்னுள் கொண்டிருக்கிறது. நோக்கத்தை மீண்டவரே, காலம் சென்றபின், தம் வாயால் கூறட்டும். அதுவரை செவிகொடுத்தலே ஊழியம்.

ஆ. உடலை மதித்தல். சோர்ந்து சாக விரும்பிய எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது உபதேசமன்று, அடையும் தண்ணீருமே. இருமுறை உறங்கி, இருமுறை உண்டபின்னரே நெடும்பயணம் தொடங்கிற்று (1 இராஜாக்கள் 19:5-8). மீண்டு வந்தவர் வீட்டில் உணவுக்கு வழியுண்டா, மருந்து தொடர்ந்து கிடைக்கிறதா என்று விசாரித்தபின் ஜெபிப்பது வேதாகம முறையே.

இ. உடன் நடத்தல். சபையின் வாலிபர் சங்கம், ஆண்கள் ஐக்கியம், பெண்கள் ஐக்கியம் ஆகியவை, மருத்துவர் அனுமதித்த அளவில், மீண்டோருடன் காலையில் சிறிது தூரம் நடக்கலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. இன்று தெருமுனை, அடுத்த வாரம் ஆலயம், அதற்கடுத்த மாதம் ஏரிக்கரை என்று இலக்குகள் சிறியனவாய் இருக்கட்டும். மருத்துவர் ஆலோசனையின்றி எவரையும் தூண்டுவது அன்பாகாது. வலியும் மூச்சுத்திணறலும் விசுவாசக் குறைவின் அடையாளங்களுமல்ல.

ஈ. பிரசங்க உதாரணங்களில் எச்சரிக்கை. ஓடி வென்றவர்களின் கதைகளை மட்டும் கூறினால், எழுந்திருக்க முடியாத நோயாளி தம்மைத் தோற்றவராக எண்ணுவார். வெற்றி பெற்றவரைக் கூறும் அதே பிரசங்கத்தில், ஓட்டத்தை முடிக்காமல் நின்றவரையும், படுத்த படுக்கையிலேயே பொறுமையோடு நிலைத்திருப்பவரையும் கூறுவோமாக.

உ. சாட்சியின் வடிவத்தை மாற்றுதல். “நோயுற்றேன், ஜெபித்தேன், சுகமானேன்” என்ற மூன்று படிகளோடு சாட்சி முடிய வேண்டுமென்று நாம் மறைமுகமாக வற்புறுத்துகிறோம். இன்னும் அஞ்சுகிறேன், இன்னும் அடையவில்லை, ஆயினும் தொடர்கிறேன் என்று ஒருவர் சொல்ல இயலும் கூட்டமே பவுலும் எழுந்து பேசக்கூடிய கூட்டம்.

முடிவுரை

நெடுந்தொலைவு விளையாட்டுகள் நோயினின்று மீண்டவர்க்கு மெய்யான நன்மை செய்கின்றன. தம்மைக் கைவிட்டதாகத் தோன்றிய உடலோடு அவர்களை ஒப்புரவாக்குகின்றன; நாள்களுக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றன; தோழரைத் தருகின்றன. இவற்றை நாம் நன்றியுடன் ஏற்கலாம். ஆனால், அவை தாமே நோக்கமாகும்போது விக்கிரகமாகின்றன. பிறருக்காகப் பாதையைச் செவ்வைப்படுத்தும்போது ஊழியமாகின்றன.

வேலூரிலிருந்து மாலைப் பேருந்தில் பேரணாம்பட்டுக்குத் திரும்பி வருபவர், நிறுத்தத்தில் இறங்கித் தம் வீடு வரை மெல்ல நடக்கிறார். அவருக்கு அந்தச் சிறு தூரமே நெடிய ஓட்டம். அந்தப் பாதையில் அவரோடு நடப்பதற்குச் சபையிலிருந்து ஒருவராவது வந்து காத்திருக்கிறாரா? இக்கேள்விக்கு நாம் அளிக்கும் விடையே, எபிரெயர் 12-ஆம் அதிகாரத்திற்கு நம் சபை எழுதும் விளக்கவுரையாகும்.